யூனியன் தெருவில் ஒரு வாசப்படி

இன்று மாலை யூனியன் தெருவில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் பாதையின் ஓரத்தைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார்.

"எங்க வீட்டு வாசப்படி இங்கதான் இருந்தது."

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள இந்த ராச்செஸ்டர் நகரின் நடுப்பகுதியைச் சுற்றி இன்னர் லூப் விரைவுச்சாலையை 1950களில் தொடங்கி 1965இல் முடித்தார்கள். அதற்காக வீடுகளும் கடைகளும் இடிபட்டன. அப்புறம் 2014க்கும் 2017க்கும் நடுவில் கிழக்குப் பக்கத்தில் அந்தச் சாலை ஓடிய பள்ளத்தை மண் கொட்டி மூடினார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிகள்.

மூடியது நல்ல காரியம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று வெளியேறியவர்களின் பிள்ளைகளால் இந்த வாடகையைக் கொடுக்க முடியுமா?

வடக்குப் பக்கத்தையும் மூடத் திட்டம் இருக்கிறது. முதலில் அன்று வெளியேறிய குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பேசி முடித்த பிறகும் பெரியவர் கைத்தடியை அங்கிருந்து எடுக்கவில்லை.