நாலு மில்லிமீற்றர்: ட்ரெயிலர் கதவு கடைசியில் கொளுவிவிட்டது

நேற்றுப் பின்னேரம் ஆறரை மணிக்கு வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்கிற எங்கள் முகாம் ட்ரெயிலரின் வாசல் கதவை ஒற்றை விரலால் தள்ளிச் சாத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோளால் இடிக்கவில்லை, பிடியைத் தூக்கிப் பிடிக்கவில்லை, உள்ளே நின்று ஒருவர் இழுக்கவும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுச் சாத்தச் சொன்னேன். மகளும் ஓடி வந்து சாத்தினாள். மூன்று பேருமாக இருபது இருபத்தைந்து தடவையாவது திறந்து சாத்தியிருப்போம். மூன்று வருடமாக எங்களுக்குத் தண்ணி காட்டிய கதவு இது. அதுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். வேலை இன்னும் முழுதாக முடியவில்லை.

ட்ரெயிலர் 2013 ஆம் ஆண்டுக்குரியது, 22 அடி, மரச்சட்டத்தின் மேல் நெளி அலுமினியத் தகடு அடித்த வகை. பழையதாகத்தான் வாங்கினோம். வாங்கிய அன்றே கதவு கொஞ்சம் அடித்துச் சாத்த வேண்டியதாக இருந்தது. பழைய ட்ரெயிலர் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன செப்டெம்பர் சாண்ட்பாங்ஸ் பூங்காவில் இருந்து திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் பின்னால் வந்த வாகனம் விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. கண்ணாடியில் பார்த்தால் கதவு திறந்து ஆடிக்கொண்டிருக்கிறது. ஓரம் கட்டிப் பார்த்தபோது நுளம்புவலைக் கதவின் கீழ்மூலை வளைந்து போயிருந்தது. படிக்கட்டருகே வைத்திருந்த மகளின் செருப்பு ஒன்றைக் காணோம். கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தோம். "இந்தக் கதவோட பிள்ளையை ஏத்திக்கொண்டு இனி நான் வரமாட்டன்" என்று மனைவி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மேலே இருக்கிற டெட்போல்ட் என்கிற இரண்டாவது தாழும் தகட்டின் விளிம்பில் முட்டிப் பாதியிலேயே நின்றுவிடும், அதை நம்பியும் ஓட முடியாது.

அதுவரை நான் செய்தவற்றைக் கேளுங்கள். பூட்டின் நாக்கு போய் விழுகிற, நிலையில் இருக்கிற தகட்டை அரத்தால் இரண்டு தடவை ராவினேன். தகட்டுக்குப் பின்னால் வொஷர் வைத்து முன்னுக்குத் தள்ளினேன். கிராஃபைட் தூள் அடித்தேன். கடைசியில் பூட்டையே முழுதாக மாற்றினேன். புதுப் பூட்டும் ஒரு கிழமைக்குள் அதே மாதிரி நழுவியது. பழுது பார்க்கிற இடம் ஒன்றுக்குக் கொண்டுபோனால், அளவுகோலைக் கையில் எடுக்காமலே "புதுக் கதவு போட வேண்டும், 900 டொலர் வரும்" என்றார்கள். மட்டம்கூடப் பார்க்காமல் 900 டொலர் கேட்பது எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை.

லெவல் பண்ணுவது, நிறுத்தும்போது நிலத்தில் ஊன்றுகிற மூலை ஜாக்குகளைத் தளர்த்திவிட்டுப் பார்ப்பது எல்லாம் ட்ரெயிலர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், விபரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஜாக்குகள் ஆட்டத்தைக் குறைக்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல. அவற்றை இறுக்கித் தூக்கினால் அடிச்சட்டம் முறுகி, முதலில் பிழைப்பது கதவுதான். என்னுடையதை நாலு விதமாகப் பார்த்தேன்: ஜாக் இறக்கி, ஏற்றி, வாகனத்தில் கொளுவி, கழற்றி. நாலிலும் கதவு ஒரே மாதிரித்தான் அடம் பிடித்தது. அப்போ அடிச்சட்டம் முறுகவில்லை. பிணைச்சல் பக்கத்துத் திருகாணிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன.

இந்த இடத்தில் நின்று முழிசிக்கொண்டிருந்தபோதுதான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிற சித்தப்பாவோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். நாற்பது வருடம் தச்சுவேலை செய்தவர். வீடியோவில் கதவைக் காட்டினேன்.

"எட தம்பி, கதவைப் போட்டு ஏன் அடிக்கிறாய்? நிலையில நூல் பிடிச்சுப் பாத்தனியே?"

"இல்லைச் சித்தப்பா, அது அலுமினிய நிலை."

"அலுமினியமெண்டால் வளையாதோ? முதல்ல நூலைப் பிடி."

பூட்டுப் பக்கத்து நிலையில் மேலிருந்து கீழ்வரை தூண்டில் நூலை இழுத்துக் கட்டினேன். மேலும் கீழும் நூல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பூட்டு உயரத்தில் மட்டும் நிலை 4 மி.மீ. விலகி உள்வாங்கிப் போயிருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் இடையிலான வெளியை அளந்தால் மேலே 5, கீழே 5, நடுவில் 9. பூட்டின் நாக்கு வெளியே நீளுவது 13 மி.மீ. அப்போ கொளுவுவது வெறும் நாலு. அந்த நாலிலும் நுனி சாய்வாக வெட்டப்பட்டது. நிறுத்திவைத்திருக்கும்போது பிடிக்கும், ரோட்டில் ட்ரெயிலரின் உடம்பு அசைந்தால் நழுவும். மூன்று வருடமாக நான் ராவிக்கொண்டிருந்தது குற்றமில்லாத தகட்டை.

கணக்கைக் கண்ணால் உறுதிப்படுத்த மகளின் விளையாட்டுக்களியை வாங்கினேன். ஒரு துண்டு களியை உருட்டித் தகட்டின் பள்ளத்தில் வைத்து, மேலே சமையலறையில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளைப் போர்த்திக் கதவைச் சாத்தித் திறந்தால் நாக்கின் தடம் அச்சொட்டாக விழுந்திருக்கும். தாள் போடாவிட்டால் களி நாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தடத்தின் ஆழத்தை வேர்னியர் கலிப்பரால் அளந்தேன், 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இந்த வேலையில் எனக்குக் கைகொடுத்த கருவி எது என்று கேட்டால் இந்தக் களியைத்தான் சொல்வேன். நாக்கில் லிப்ஸ்டிக் பூசிப் பார்க்கச் சொல்வார்கள். அது எங்கே படுகிறது என்று மட்டும் காட்டும், எவ்வளவு உள்ளே போகிறது என்று காட்டாது.

இனி நிலையைக் கழற்ற வேண்டும். வெளிவிளிம்பு ஆணிகளை மறைக்கிற வினைல் பட்டியை உருவினேன். அதற்குக் கீழே பழைய சொந்தக்காரர் சுற்றிவரச் சிலிக்கன் பூசியிருந்தார். தயவுசெய்து யாரும் ட்ரெயிலர் விளிம்பில் சாதாரண சிலிக்கன் பூச வேண்டாம். அது விட்ட இடத்தில் மேற்கொண்டு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு பின்னேரம் போனது. பிளாஸ்ரிக் பிளேட்டால் தள்ளி, ஸ்பிரிற்றால் துடைத்து, பிறகு திரும்பவும் தள்ளி, அலுமினியத்தில் கீறல் விழாமல் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆணிகள் எல்லாம் சதுரக்குழி றொபேர்ட்சன், சிவப்புப் பிடி போட்ட இரண்டாம் இலக்கம். ஒன்ராறியோக்காரருக்கு இது சொந்தச் சாமான். பி. எல். றொபேர்ட்சன் 1908 இல் கண்டுபிடித்து, அடுத்த வருடம் கனடாவில் காப்புரிமை எடுத்து, இங்கே மில்ற்றனில்தான் தொழிற்சாலை வைத்தவர். இவ்வளவு காலம் மழையிலும் உறைபனியிலும் கிடந்த ஆணிகள், ஒன்றுகூடத் தலை வழுக்காமல் வந்தன. நட்சத்திரக்குழி ஆணியாக இருந்திருந்தால் பாதியையாவது துளைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

மேல் ஆணிகள் இறுக்கமாகத் திரும்பின. பூட்டுக்கு மேலும் கீழுமாக இருந்த ஐந்து ஆணிகளை விரலால் இழுத்தே எடுத்தேன். ஐந்தும் கறள். நிலையைச் சுற்றி உள்பக்கத்தில் இருக்கிற வளையத்தையும் கழற்றிவிட்டு, சுவர் ஒட்டுப்பலகையை ஒரு பட்டியாக வெட்டித் திறந்தால், நிலைக்குப் பக்கத்துச் சட்டமரம் 45 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கறுத்து, ஊறின ரஸ்க் மாதிரி உதிர்கிறது. தண்ணீர் எங்கே இறங்கியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஏறும்போது பிடிக்கிற கைபிடி சரியாக அதற்கு மேலேதான் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழ் ஆணித்துளையிலிருந்து கறை கோடாக இறங்கியிருந்தது. ஆட்கள் பிடித்துத் தொங்கத் தொங்க ஆணி இளகியிருக்கிறது, துளையால் மழை இறங்கியிருக்கிறது, மரம் உக்கியிருக்கிறது. மரம் மெலிந்த பிறகு, கதவை அடித்துச் சாத்துகிற ஒவ்வொரு முறையும் சாய்வான நாக்கு ஆப்புப்போல நிலையைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. பூட்டாத கதவை நாங்கள் அடித்தோம், அடித்ததால் இன்னும் பூட்டாமல் போனது.

சிறிய ஹீற்றரும் காற்றாடியும் வைத்து நாலு நாள் காயவிட்டேன். உக்கல் முழுவதையும் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, 38 மி.மீ. சதுரப் பைன் துண்டு ஒன்றைப் பசையும் ஆணியும் போட்டுப் பொருத்தினேன். கைபிடி ஆணிகளுக்குப் பின்னால் தடித்த ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றும் வைத்தேன், இனி யார் தொங்கினாலும் தாங்கும். இது வழமையான வேலை, நீட்டவில்லை.

என் பொறுமையைச் சோதித்தது நிலைக்குப் பின்னால் ஆப்பு வைத்த வேலைதான். நாலு மி.மீ. விலகல், நாலு மி.மீ. ஆப்பு, முடிந்தது கணக்கு என்று நினைத்தேன். யன்னல் பூட்டுபவர்கள் பாவிக்கிற லாடவடிவப் பிளாஸ்ரிக் ஆப்பு, எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.2 மி.மீ. மிச்சத்துக்கு ஐஸ்கிறீம் டப்பா மூடியை வெட்டினேன். மட்டைத் தாள் வேண்டாம், ஈரம் பிடித்தால் திரும்பவும் பழைய கதைதான். பூட்டு உயரத்தில் வைத்து இறுக்கினால் களியில் தடம் 8 மி.மீ. வருகிறது. ஆனால் அதற்கு ஒரு சாண் மேலே கதவு விளிம்பு நிலையில் உராய்கிறது! ஒரே இடத்தில் தள்ளினால் நிலை நேராக வராது, ஒட்டகத் திமில் மாதிரிக் கூன் விழும். கழற்றினேன். நடுவில் நாலு, அதற்கு 25 சென்ரிமீற்றர் மேலும் கீழும் இரண்டு இரண்டு என்று மூன்று இடத்தில் வைத்தேன். நூல் நேராக நின்றது. வெளிவிளிம்பு ஆணிகளை இறுக்கியதும் நூல் திரும்ப விலகியது.

இதில் ஒரு முழுச் சனிக்கிழமை போனது. ஆணியை மேலிருந்து கீழே வரிசையாக இறுக்கினால் நிலை சிறிது சிறிதாக இழுபட்டு, அந்த இழுவை முழுவதும் கடைசி ஆணியில் வந்து சேருகிறது. பதினோராவது தடவைதான் பிடிபட்டது: முதலில் நடு ஆணி, அதுவும் முக்கால் இறுக்கம். பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே, மாறி மாறி. எல்லாம் முக்காலுக்கு வந்த பிறகு அதே ஒழுங்கில் முழு இறுக்கம். துளைபோடும் மெஷினை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கையால்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் கதவைச் சாத்திக் களித்தடம் பார்த்தேன். 7.5, 8, 8. அந்த இரண்டாவது எட்டைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அது பியூட்டைல், அதாவது நிலையின் விளிம்புக்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் மழை இறங்காமல் வைக்கிற ஒட்டுப்பட்டி, இல்லாமல் பார்த்த பொருத்தம். பியூட்டைல் ரேப்பை வைத்ததும் விளிம்பு மூன்று மி.மீ. வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. கதவு கொளுவியது, ஆனால் ரப்பரில் அழுந்தாமல் கடகடத்தது. பயப்படத் தேவையில்லை, பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். அன்று வெளியே 8 பாகைதான், குளிரில் அது கல்லு மாதிரி. தலைமயிர் காயவைக்கிற மெஷினால் விளிம்பைச் சூடாக்கி, அதே ஒழுங்கில் கால் சுற்று இறுக்கி, அடுத்த நாள் மத்தியானம் வெயில் பட்ட பிறகு இன்னொரு கால் சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்ரிக் கத்தியால் சீவி எடுத்தேன். மூன்றாம் நாள், அதாவது நேற்று, விளிம்பு வெளித் தகட்டோடு அமர்ந்துவிட்டது.

பியூட்டைல் வாங்கும்போது கவனம். அதே சாம்பல் நிறத்தில் பக்கத்திலேயே புட்டி ரேப் என்று ஒன்று மலிவாகக் கிடக்கும். அது சில வருடத்தில் காய்ந்து வெடிக்கும். விரலால் இழுத்துப் பாருங்கள்: பியூட்டைல் சுயிங்கம் மாதிரி நூலாக இழுபடும், புட்டி பட்டென்று அறும். கதவு ரப்பரை எந்தக் கடையிலும் தேடி அலையாமல், பழையதில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கையோடு கொண்டுபோனேன். குறுக்குவெட்டைப் பார்த்துத்தான் பொருத்தமானது எடுக்க முடியும். கண்ணாடி, வலை, பிணைச்சல் என்று கதவுச் சாமான்கள் பெரும்பாலும் இந்தியானாவின் எல்க்கார்ட் பக்கமிருந்து வருபவை. வட அமெரிக்க ட்ரெயிலர்களில் பெரும்பகுதி அங்கேதானே கட்டப்படுகிறது.

வளைந்த வலைக்கதவு அடுத்த வேலை. அதோடு வெளிப் பெட்டிகளின் பூட்டுகளையும் மாற்றப்போகிறேன். சி.எச். 751 என்று இலக்கம் அடித்த திறப்பு உங்களிடமும் இருக்கும். பக்கத்து ட்ரெயிலர்க்காரரிடமும் அதே திறப்புத்தான் இருக்கிறது, அவருடையதால் என் பெட்டி திறந்ததைக் கண்ணால் பார்த்தேன். மே மாதத்து விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்கு ஐந்து மாதம் முன்பே, டிசெம்பரில் விடிய 7 மணிக்குக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, பொன் எக்கோ பூங்காவில் இடம் பிடித்துவைத்திருக்கிறேன். அதற்கு மூன்று கிழமை இருக்கிறது.

உள்வளையம் இன்னும் பூட்டவில்லை, வெட்டிய ஒட்டுப்பலகைப் பட்டியை மூட ஒரு ரீப்பை சீவ வேண்டும். டெட்போல்ட் இப்போது முக்கால்வாசி திரும்புகிறது. அதன் துளையில் அரை மி.மீ. ராவ வேண்டியிருக்கும். நிலை முழுதாக அமர்ந்த பிறகுதான் அதில் கை வைப்பேன்.

இன்று இரவு நல்ல மழை என்கிறார்கள். கைபிடிக்கு நேர் கீழே, புது மரத்தின் மேல் கடதாசித் துவாய் ஒன்றை மடித்து ஒட்டிவைத்திருக்கிறேன். விடிய எழும்பியதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி.