வெள்ளிக்கிழமை மாத்திரை

திருகோணமலை மாவட்டத்திலுள்ள அரச மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் நான் மருந்தாளராகச் சேர்ந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் கடைசி 12 ஆண்டுகளாக, யன்னலுக்கு வெளியே மருந்துத் துண்டுச் சீட்டோடு நிற்பவர்களுக்கு எண்ணிக் கொடுக்கும் மாத்திரைகளுள் ஒன்றை நானும் விழுங்கி வருகிறேன். மருந்து கொடுப்பவளாகவும் மருந்துக்காகக் காத்திருப்பவளாகவும் இருந்த இந்தக் காலத்தில் என் விசுவாசத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தீராத நோயொன்றைச் சுமந்துகொண்டு தினமும் வேலைக்குப் போய்வரும் வேறு யாருக்காவது இது உதவலாம்.

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காலையில் எழும்போது விரல்களை மடக்க முடியாமல் போனது. முதலில் இடக்கை, சில வாரங்களில் இரண்டு கைகளும் ஒரே மாதிரி. தேநீர்க் கோப்பையின் காதுக்குள் விரல் நுழையவில்லை. வெயில் ஏறும்போது இறுக்கம் மெல்லத் தளர்ந்துவிடும் என்பதால், குளிரில் படுத்ததாலோ துணி பிழிந்ததாலோ வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மருந்தகத்தில் ஆயிரம் மாத்திரைகள் கொண்ட பிளாஸ்டிக் போத்தலின் மூடியை அழுத்தித் திருகியபோது அது அசையவே இல்லை. யன்னலில் ஆட்கள் காத்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற சக ஊழியரிடம் போத்தலை நீட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்து தந்தார். அன்றிலிருந்து இன்றுவரை, காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்து, மூடிகளைத் தளர்த்திவிடுவது அவருடைய முதல் வேலையாக இருக்கிறது. பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டு, நெற்றியில் திருநீற்றோடு வருபவர் அவர். காலை ஜெபத்தில் நான் நன்றி சொல்லும் பெயர்களில் அவருடைய பெயர் முதலாவது.

இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்த வைத்தியர் அது முடக்குவாதம் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் வரும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அடக்கி வைக்கலாம், அடியோடு நீக்க முடியாது. இவையெல்லாம் நான் அறியாதவை அல்ல. ஆயினும் வைத்தியரின் மேசைக்கு எதிர்ப்புறம் இருந்து கேட்டபோது, 'வாழ்நாள் முழுவதும்' என்ற இரண்டு சொற்கள் எவ்வளவு பாரமானவை என்பது அன்றுதான் தெரிந்தது. அதுவரை அந்தச் சொற்களை எத்தனை பேரிடம், துண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, சொல்லியிருப்பேன்! கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துப் பார்க்கும்படி சிலர் சொன்னார்கள். போய் ஏழு கிணறுகளிலும் மொண்டு ஊற்றினேன். அன்று பிற்பகல்வரை இதமாக இருந்தது.

எனக்கு எழுதப்பட்ட மருந்து மெதோட்ரெக்சேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கப்படும் அதே மருந்தை, முடக்குவாதத்துக்கு மிகச் சிறிய அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கொடுக்கிறார்கள். அந்த ஒருநாள் அளவைத் தினமும் எடுத்துவிட்டால் அது இரத்த அணுக்கள் உருவாகும் என்புமச்சையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகையால் கிழமை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பக்க விளைவுகளைக் குறைக்கும் போலிக் அமிலத்தை வேறொரு கிழமையில் எடுக்க வேண்டும். ஈரலையும் இரத்த அணுக்களையும் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை எடுத்த மறுநாள் எனக்குக் குமட்டலும் களைப்பும் இருக்கும். சனிக்கிழமை வீட்டில் கிடக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளி மாலையை மருந்துக்கும், ஞாயிற்றுக்கிழமையைப் போலிக் அமிலத்துக்கும் வைத்துக்கொண்டேன். அப்போது அதில் வேறு எதையும் நான் காணவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிற பகுதி. 2015இல், அன்பானவர்கள் சிலர் என்னை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். எந்த இடம், யார் நடத்தினார்கள் என்பவை இங்கே தேவையில்லை. என் கைகளைப் பிடித்து உருக்கமாக ஜெபித்தவர், சுகமானேன் என்று வாயினால் அறிக்கை செய்த பிறகும் மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்றார். மருந்தாளராகிய நான், மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லவே சம்பளம் வாங்குகிற நான், மாத்திரை அட்டைகளை அலுமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து வாரங்கள் நன்றாகவே இருந்தது. சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கின, இரவில் போர்வையை இழுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, விடுப்பில் வீட்டிலிருந்தேன். என் வலக்கையின் இரண்டு விரல்கள் இன்று சற்றுச் சரிந்திருப்பது அந்த மாதங்களில் நேர்ந்தது. அழிந்த மூட்டு மருந்தால் மீண்டும் வளர்வதில்லை.

வைத்தியர் ஏசவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவோம் என்று மட்டும் சொல்லி எழுதித் தந்தார். என்னை நானே ஏசிக்கொண்டதுதான் அதிகம். கூட்டத்தில் ஜெபித்தவர் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. அவர் என் சுகத்தை உண்மையாகவே விரும்பினார். ஆனால் நோயாளியின் கையிலிருந்து மருந்தைப் பறிக்கிற போதனை பொல்லாதது என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அது மருந்தை மட்டும் எடுத்துப் போவதில்லை. நோய் திரும்பிய நாளில், ஜெபிக்கும் தைரியத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. என்னுடைய விசுவாசம் போதவில்லை போலும் என்று எண்ணி, கிட்டத்தட்ட மூன்று மாதம் வேதாகமத்தைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த விடுப்பில் ஒருநாள், எங்கள் மெதடிஸ்த சபையின் வயதான போதகர் உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் வசனம் எதையும் அவர் சொல்லவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் வேண்டிக்கொண்டும் அவருடைய சரீரத்தைவிட்டு நீங்காத முள்ளைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். நோயாளிகளிடம் எல்லோரும் சொல்வது அதைத்தான். அவரோ, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் யாரும் கவனிக்காத ஒரு வரியைக் காட்டினார்: 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.' அவ்வளவுதான். இந்தத் துரோப்பீமு எபேசு பட்டணத்தான். அதே எபேசுவில்தான் பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. முன்பின் தெரியாதவர்கள் துணியினால் சுகம் பெற்ற ஊரைச் சேர்ந்தவன், பவுலோடு ஊர் ஊராகப் பயணம் செய்தவன், நோயோடு ஒரு துறைமுகத்தில் தங்கிவிடுகிறான். அவனுடைய விசுவாசத்தைக் குறைத்துப் பவுல் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதற்குச் சில வரிகளுக்கு முன்னால்தான், லூக்கா மாத்திரம் தன்னோடு இருக்கிறான் என்று அவர் எழுதுகிறார். லூக்கா வைத்தியன். நோயுற்ற நண்பனும் வைத்தியனும் ஒரே அதிகாரத்தில், ஒரே மனிதனின் அன்புக்குள் இருக்கிறார்கள்.

போதகர் போன பின்பு அந்த அதிகாரத்தைப் பலமுறை வாசித்தேன். நானும் ஒரு துறைமுகப் பட்டணத்தில் நோயோடு விடப்பட்டவள்தான் என்று தோன்றியபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அழுகை வந்தது. அதுவரை நோய் நீங்கிவிடும் என்பதையே நம்பிக்கை என்று பிடித்திருந்தேன். அது நீங்காதபோது கர்த்தரும் கூடவே தள்ளிப் போய்விட்டதாக நினைத்தேன். துரோப்பீமுவின் பெயர் அந்த நிருபத்தில் இருக்கிறது, அவன் மறக்கப்படவில்லை. அதைப் பற்றிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினேன். சுகத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை, இன்றும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, மாத்திரையையும் எடுக்கிறேன்.

வெள்ளி மாலையில் மருந்து, சனியில் படுக்கை, ஞாயிறு காலையில் எழும்பி ஆலயம் என்ற என் வாரத்தின் ஒழுங்கு எதை ஒத்திருக்கிறது என்பதும் அதற்குப் பிறகுதான் புலப்பட்டது. கல்லறைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவிலிருந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சுவிசேஷங்களில் அதிகம் இல்லை. லூக்கா மாத்திரம், பெண்கள் திரும்பிப் போய்க் கந்தவர்க்கங்களையும் பரிமளதைலங்களையும் ஆயத்தம்பண்ணி, ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று எழுதுகிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மருந்தகம் கண்ணுக்கு முன் வரும். அளந்து, இடித்து, கலந்து, சிமிழில் அடைத்து வைக்கும் கைகள். அழுதுகொண்டே செய்த வேலை. ஞாயிறு என்னவாக விடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே தைலத்தை ஆயத்தம் செய்துவிட்டு ஓய்ந்திருந்தார்கள். குமட்டலோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் சனிக்கிழமைகளில் என்னால் பெரிதாக ஜெபிக்க முடியாது. அந்தப் பெண்களோடு நானும் ஓய்ந்திருக்கிறேன் என்று மட்டும் கர்த்தரிடம் சொல்லிக்கொள்வேன்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் டொலர் இல்லாமல் போய், எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற மாதங்களில், மருந்துகளும் குறைந்தன. மெதோட்ரெக்சேட்டும் சில வாரங்கள் எங்களிடம் இருக்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் பூச்சியம் எழுதியது என் கைதான். மாத்திரை இல்லாமல் வீங்கியதும் அதே கைதான். மீண்டும் கொஞ்சம் வந்தபோது, உள்ளே இருப்பவள் என்பதற்காக முதலில் எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கிளினிக் கொப்பியோடு என் இலக்கம் வரும்வரை இருந்து, எல்லோருக்கும் போல இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கினேன்.

அந்தக் காலத்தில் ஒரு காலை, கிண்ணியாவிலிருந்து ஓர் அம்மா யன்னலுக்கு வந்தார். 2009இல் பாலம் திறக்கும் முன்பே, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து எங்கள் கிளினிக்குக்கு வந்து பழகியவர்களில் ஒருவர். முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டு, "வாய் எல்லாம் வெந்து போச்சு மகள், பூச ஏதாவது தாங்க" என்றார். வரிசை நீளமாக இருந்தது; வாய்ப்புண்ணுக்குப் பூசுமருந்து கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் அவருடைய விரல் மூட்டுகளைப் பார்த்தேன். பிறகு முன்கையில் இருந்த நீலத் தழும்புகளைப் பார்த்தேன். மூட்டுக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதும், பையிலிருந்து ஒரு சிறு உறையை எடுத்தார். எங்களிடம் தட்டுப்பாடாக இருந்ததால் வெளியே தனியார் கடையொன்றில் வாங்கியது. ஒரு தடவைக்கு நான்கு, வாரத்துக்கு ஒருமுறை என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தது. அவருடைய பேரப்பிள்ளை நான்கு என்ற இலக்கத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறான். அவர் ஏழு நாளாகத் தினமும் நான்கு விழுங்கியிருக்கிறார்.

யன்னலை மூடிவிட்டு நானே அவரை வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அன்றே அனுமதித்தார்கள்; மெதோட்ரெக்சேட்டின் நஞ்சை முறிக்கக் கொடுக்கப்படும் போலினிக் அமிலம் ஏற்றப்பட்டது. இரண்டு வாரத்துக்குக் கிட்ட விடுதியில் இருந்து சுகமாகிப் போனார். இதற்காகத்தான் கர்த்தர் எனக்கு இந்த நோயைத் தந்தார் என்று அப்போது சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் விரலை முறிக்கிற தகப்பனாக அவரை என்னால் நினைக்க முடியவில்லை. என்னுடைய வாயும் வெந்த நாட்கள் இருந்தன, அதனால் அவருடைய வாயைக் கண்டு எனக்குச் சந்தேகம் வந்தது என்பதை மட்டும் அறிவேன். என் சரிந்த விரல்களைக்கூடக் கர்த்தர் வீணாக விடவில்லை என்று நன்றியோடு சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் தேட மாட்டேன்.

உறைகளில் தமிழில் எழுதுவது அன்று முதல் எனக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கிவைத்தார். நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பதை அவர் சுவிசேஷ ஊழியத்தின் ஒரு பகுதியாகக் கொண்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சிறு உறையில் ஒரு கிழமையின் பெயரைத் தமிழில் எழுதாமல் விடுகிறோம் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கந்தளாயிலிருந்து வருபவர்களுக்குச் சிங்களத்தில் எழுதவும் கற்றுக்கொண்டேன். மொத்தமான பேனாவுக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மெல்லிய பேனாவை என் விரல்கள் பிடிக்கா.

அந்தக் கிண்ணியா அம்மா கடந்த கிளினிக் நாளிலும் வந்தார். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி நான்கு நான்காக எண்ணி உறையில் போட்டுவிட்டு, எந்தக் கிழமை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். தெரிந்ததுதான், என்றாலும் ஒவ்வொரு முறையும் கேட்பது வழக்கம்.

"வெள்ளிதான் மகள். ஜும்ஆ நாள், மறக்காது. நீங்க?"

"நானும் வெள்ளிதான் உம்மா" என்றேன்.

துணி சுற்றிய பேனாவை எடுத்து, உறையின் மேல் பெரிய எழுத்தில் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று எழுதினேன். அவர் அதை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் வைத்தார்.