தஜ்ஜாலுக்குப் பிறந்த தேதி கேட்டார்கள்

நேற்று ராத்திரிதான் கடைசிச் சிவப்பு எச்சரிக்கைக் குறி போனது. மூன்று வாரம்! கியாமத் என்னும் உலக முடிவு நாளின் அடையாளங்களில் வரும் ஆட்களை ஓர் அறிவுத் தரவுத்தளத்தில் வகைபிரித்துத் தருகிறேன் என்று கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு வாயைக் கொடுத்தது என் தப்பு.

ஈஸா நபி (இயேசு), எக்காளம் ஊதும் வானவர் இஸ்ராஃபீல் இருவரும் பத்து நிமிடத்தில் முடிந்தார்கள். மாட்டியது தஜ்ஜாலில், கடைசிக் காலத்தில் வரப்போகும் மகா பொய்யனில். 'மனிதர்' என்று போட்டால் பிறந்த தேதி எங்கே என்கிறது. 'புராணப் பாத்திரம்' என்று மாற்றினேன், எச்சரிக்கை போய்விட்டது. பின்னால் நின்ற காக்கா (அண்ணன்), "ஹதீஸ்ல வர்றது உனக்குப் புராணமாடா?" என்றார். ஹதீஸ் நபிமொழியாயிற்றே, பழையபடி சிவப்பு.

மார்க்க அறிஞர் ஆலிம்சாவைக் கேட்கலாம் என்று பெரியபட்டினத்துக்கு பஸ் ஏறினேன். போனது வெள்ளிக்கிழமை. வாராந்திர விடுமுறை, மதரஸா பூட்டிக் கிடந்தது. ஓதிப் படித்த எனக்கே அது நினைவில்லை!

மறுநாள் ஆலிம்சா இமாம் முஸ்லிமின் ஹதீஸ் கிரந்தத்தை விரித்தார். நபித்தோழர் தமீமுத் தாரியின் கப்பல் ஒரு மாதம் அலையில் அலைந்து ஒரு தீவில் ஒதுங்கியது. அங்கே சங்கிலியில் ஒருவன் கட்டுண்டு கிடந்தான். அவன்தான் தஜ்ஜால். "கட்டிப் போட்டிருக்கான்னு வருது. நீ தேதி கேக்குறியே வாப்பா." பத்து அடையாளங்களின் ஹதீஸையும் காட்டினார். புகை, தஜ்ஜால், தாப்பத்துல் அர்ள் (பூமியிலிருந்து வெளிவரும் பிராணி), மேற்கில் உதிக்கும் சூரியன் எல்லாம் இருக்கின்றன, கடைசிக் காலத்தில் வரும் நேர்வழித் தலைவர் மஹ்தி இல்லை. 'பத்து அடையாளம்' என்று நான் கட்டி வைத்திருந்த வகை அங்கேயே சரிந்தது. மஹ்திக்கு அபூதாவூத் என்ற இன்னொரு ஹதீஸ் கிரந்தத்துக்குப் போக வேண்டும்.

மஹ்தி பதிவில் யாரோ ஹிஜ்ரி 255 என்று பிறந்த ஆண்டை ஏற்றியிருந்தார்கள். அது பன்னிரு இமாம் ஷியாக்களின் கணக்கு. சுன்னிகளுக்கு அவர் இனிமேல் வரப்போகிறவர். 'மஹ்தி' என்ற பட்டத்துக்கு ஒரு பதிவு, அந்த ஷியாக்கள் மஹ்தி என்று நம்பும் முஹம்மத் இப்னு ஹஸனுக்கு ஒரு பதிவு என்று பிரித்து, 'இவ்வாறு நம்புவோர்' என்ற குறிப்பால் இரண்டையும் இணைத்தேன். தஜ்ஜாலும் இதே வழியில்தான் கரையேறினான்: வகை 'ஹதீஸில் முன்னறிவிக்கப்பட்டவர்', கீழே கிரந்தத்தின் பெயர். தேதி கேட்பது நின்றது.

யஃஜூஜ், மஃஜூஜை இரண்டு ஆட்களாக ஏற்றியது என் சொந்தக் கைங்கரியம். அவை கடைசிக் காலத்தில் கட்டவிழ்ந்து வரும் கூட்டங்கள். திருத்தி அனுப்பினால் சரிபார்ப்பவர் மூன்று தடவை 'சான்று போதாது' என்று திருப்பினார்; எது போதவில்லை என்று சொல்ல மனமில்லை. கடைசியில்தான் பிடிபட்டது: குர்ஆன் அத்தியாயத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். 18:94, 21:96 என்று வசன எண் போட்டதும் அரை மணியில் பச்சை. நீங்களும் எண்ணைப் போட்டுவிடுங்கள், மூன்று நாள் மிச்சம்.

இன்று காலை திறந்தால் தஜ்ஜாலின் 'வசிப்பிடம்' கட்டத்தில் 'தீவு' என்று ஏறியிருக்கிறது. காக்காவின் வேலை. "எந்தத் தீவு, நம்ம ஊர்ப் பக்கத்து அப்பா தீவா?" என்று கேட்டுவிட்டு அழித்தேன்.