ஆடியில் ஒரு வண்டி

17.7.2024, புதன்
ஆடி ஒன்று. காற்று ஜன்னலைப் பிடுங்குகிறது. வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம் – தூத்துக்குடி ரயிலுக்குக் கொடியசைப்பாம். "ஆடியில ஆராச்சும் புதுசா ஆரம்பிப்பாங்களா அம்மிணி?" என்கிறார் மாமா. அம்மா இருக்கும் கோவில்பட்டியில் நிற்கும். எனக்கு அது போதும்.

19.7, வெள்ளி
அத்தை வேண்டாம் என்றும் கேட்காமல் உடுமலை ஸ்டேஷனுக்குப் போனேன். மேளம், பட்டாசு, இஞ்சின் முகத்தில் வாழைக்கன்று. ஓட்டுநருக்குத் துண்டு போர்த்தப் பார்த்தார்கள், கை எட்டவில்லை. கடைசியில் அவரே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொடுத்தார். யாரோ ஓர் அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு இன்னொரு லட்டைக் கையில் திணித்தார். மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மீட்டர்கேஜ் காலத்தில் ராமேஸ்வரம் வண்டியில் போய் அவர் அப்பாவுக்குத் திதி கொடுத்தவர். "2015லயே பாதைய அகலமாக்கிட்டாங்க. அந்த வண்டி எங்கீங்க?" என்று கொடி பிடித்திருந்தவரிடம் கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

20.7
வியாழனுக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. வெயிட்டிங் லிஸ்ட் 14.

21.7, ஞாயிறு
விடியுமுன் ஹாரன். நமக்கு யாரும் வரவில்லைதான், ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன். உள்ளே ஓர் உதை.

22.7
வாரத்துக்கு இரண்டே நாள். தூத்துக்குடியில் வியாழன், சனி ராத்திரி 10.50க்குக் கிளம்புகிறது. வலி திங்கட்கிழமை வந்தால்? டாக்டர் சொன்னது ஆகஸ்ட் 2. மூத்தவனுக்கும் ஒரு தேதி சொன்னார்கள், பத்து நாள் முந்திக்கொண்டான். அந்தக் கணக்குப்படி நாளைக்கே. அம்மாவின் முட்டிக்கு மதுரையில் பஸ் மாறி, ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு வருவது ஆகாது. படுத்துத்தான் வர வேண்டும். சொன்னால் இவர் சிரிக்கிறார்.

24.7
வெயிட்டிங் லிஸ்ட் 3.

25.7, வியாழன்
இடம் கிடைத்துவிட்டது. அப்பர் பெர்த்! "எந்தப் பிள்ளையாவது மாத்திக் குடுக்கும்ட்டீ" என்கிறாள் அம்மா.
நடுராத்திரி போன் செய்தாள். ஏறிவிட்டாளாம். கீழே கிடைத்ததா என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

26.7
மணி 2.40. வண்டி திண்டுக்கல் பக்கம் வந்திருக்கும். இடுப்பில் சுருக்கென்கிறது, விடுகிறது, மறுபடி. அத்தையை எழுப்பலாமா, இல்லை ஹாரன் கேட்கும்வரை