முழங்காலிட்ட ஜாக்

விசில் ஊதியதும் அந்த நெட்டை மனிதர் அப்படியே முழங்காலிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்.

இங்கிலாந்து வென்ற 1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் பழைய காட்சி. மதியம் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

ஜாக் சார்ல்டன். ஆஷிங்டன் என்ற சுரங்க ஊர்க்காரர். பதினைந்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து, இது நமக்கு வேண்டாம் என்று வெளியே வந்தவர்.

தம்பி பாபி சின்ன வயதிலேயே நட்சத்திரம். அண்ணனுக்கு இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்ததோ 1965இல், முப்பதை நெருங்கும்போதுதான். அடுத்த வருடமே உலகக் கோப்பை. அந்த முழங்காலில் எத்தனை வருடக் காத்திருப்பு இருந்திருக்கும்!

லீட்ஸ் யுனைடெட்டைத் தவிர வேறு கிளப்புக்கு அவர் ஆடியதே இல்லை.

பயிற்சியாளராக மிடில்ஸ்பரோ கிளப்பை 1974இல் முதல் டிவிஷனுக்கு, அதாவது அன்றைய இங்கிலாந்தின் உச்ச லீகுக்கு, ஏற்றினார். ஆனால் என் மனசில் நிற்பது அயர்லாந்துதான். 1986இல் ஓர் ஆங்கிலேயர் அந்த அணியை ஏற்பது லேசான காரியமா? இரண்டு நாட்டுக்கும் நடுவே அவ்வளவு ரணம். 1988 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், அதே அயர்லாந்து இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனது.

அயர்லாந்து அவருக்குக் குடியுரிமையே கொடுத்தது.

கார்க் விமான நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பந்தோடு இல்லை, மீன்பிடிக்கும் கோலத்தில், கையில் ஒரு சால்மன் மீனோடு, சொந்த ஊர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.