வரத்துக்கால்

சென்ற மாதம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, முதியோர் இல்லத்தில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்த கதையைச் சொன்னாள். அந்த மூன்று மணி நேரமும் அவள் கணக்கில் ஏறுமாம். இங்கே சிங்கப்பூரில் 1997இல் மாணவர்களுக்குச் சமூக சேவையைக் கொண்டுவந்தார்கள். 2012இல் அதை மாற்றி 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' என்று பெயர் வைத்தார்கள். "உங்க ஊர்ல இதெல்லாம் உண்டாப்பா?" என்று கேட்டாள். "இருந்ததும்மா, வருஷத்துக்கு 120 மணி நேரம்" என்றேன். நம்பவில்லை.

நம் பள்ளியில் என்.எஸ்.எஸ்ஸில், அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில், இருந்தவர்கள் நம்புவார்கள். காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, நாடு முழுக்க 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம். நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், அதில் கொனாரக் தேர்ச்சக்கரம். சக்கரத்தின் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்று சார் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். அந்த வயதில் எங்களுக்கு அதெல்லாம் ஏறவில்லை. பத்து நாள் முகாம் உண்டு, வீட்டை விட்டு வெளியே தூங்கலாம் என்பதற்காகத்தான் பாதிப்பேர் பெயர் கொடுத்தோம். நானும் அந்தப் பாதியில்தான்.

1992 காலாண்டு விடுமுறையில் முதல் முகாம். செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். நாங்கள் 25 பேர், ஒரு வேதியியல் சார், ஒரு சமையல்காரர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். காலையில் உப்புமா, மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி மறுபடியும் உப்புமா. 200 மரக்கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. குழி வெட்டினோம், நட்டோம், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கடைசி நாள் கூட்டத்தில் ஒருவர் எங்களை எதிர்கால இந்தியா என்றார். நாங்களும் கைதட்டினோம்.

அடுத்த ஆண்டு சார் அதே ஊருக்குத்தான் போக வேண்டும் என்றார். வேறு ஊருக்குப் போகலாம் என்று எங்களில் சிலருக்கு ஆசை. அவர் விடவில்லை. தத்தெடுத்த கிராமம் என்றால் ஒரு தடவை போய் வருவதா என்று கேட்டார். சரி என்று போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கன்றுகளைத் தேடினோம். பள்ளிக்கூட வேலிக்குள் இருந்த ஏழு வேம்புகளைத் தவிர எதுவுமே இல்லை. மீதி எல்லாம் ஆட்டு வயிற்றுக்குள் போயிருந்தது. தப்பு ஆடுகள் மேல் இல்லை. கூண்டு கட்டாமல் நட்டதும் நாங்கள்தான், யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்காமல் கிளம்பிப் போனதும் நாங்கள்தான்.

அந்த ஊரில் தெரு நீளத்துக்கு ஒரு பெரிய வீடு. பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, ஆச்சி மட்டும் அதில் இருந்தார்கள். நாங்கள் காய்ந்த குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது திண்ணையிலிருந்தே கேட்டார்கள்: "ஏப்பா, கன்னு வேணும்னு இந்த ஊர்ல யாரு கேட்டா?"

சார் பேசாமல் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். "அப்ப என்ன வேணும், ஆச்சி?"

"வரத்துக்காலை வெட்டிவிடுங்க. ஊருணிக்குத் தண்ணி வந்து நாலு வருசமாச்சு."

வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஊரைக் கட்டியவர்கள் மழையை நம்பித்தான் கட்டினார்கள். ஓட்டில் விழுகிற தண்ணீர் வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கி வெளியேறவும், தெருத் தண்ணீரும் பொட்டல் தண்ணீரும் வரத்துக்கால் அல்லது கால்வழி என்கிற வாய்க்கால் வழியாக ஊர்க் குளமான ஊருணியைச் சேரவும் சரிவு பார்த்து வைத்திருந்தார்கள். குடிக்க ஒரு ஊருணி, குளிக்க ஒரு ஊருணி. குடிக்கிற ஊருணியில் கால் நனைத்தால் ஊரே சண்டைக்கு வரும். அப்புறம் குழாய் வந்தது, கால்வழியை யாரும் பார்க்கவில்லை. மண் ஏறியது. மண்ணில் சீமைக்கருவை ஏறியது.

சார் அன்று ராத்திரி குன்றக்குடிக் கதையைச் சொன்னார். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே, குன்றக்குடி மடத்தின் தலைவர் அடிகளார் ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து அவர்களோடு சேர்ந்து திட்டம் போட்டதையும், காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் விஞ்ஞானிகளை ஊருக்குள்ளேயே அழைத்து வந்ததையும். "நாம லாரியோட வந்தோம்டா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

மறுநாளிலிருந்து கால்வழி வேலை. கையேட்டில் எழுதியிருந்த அத்தனை நிகழ்ச்சிகளையும் சார் ஓரங்கட்டிவிட்டார். பாதி நாள் எங்கே கால் என்றே தெரியவில்லை. முள்ளுக்குள் குனிந்து பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும், நாலடி தள்ளிக் காணாமல் போகும். நாங்கள் அரிவாளால் கருவையைச் சடசடவென்று வெட்டித் தள்ளினோம், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம் என்ற வேகத்தில். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். "தம்பி, முடி வெட்டுறீங்களா? தூரோட எடுக்கலேன்னா தை மாசத்துக்குள்ள தழைச்சு நிக்கும்." உண்மைதான், வெட்டிவிட்டால் சாகிற மரமில்லை அது. அதன்பின் கடப்பாரையைப் போட்டுத் தூரைச் சுற்றித் தோண்டினோம். ஒரு தூருக்கு மூன்று பேர், அரை மணி நேரம். என் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய முள்ளின் முனை ஒன்று உள்ளேயே ஒடிந்து, தீபாவளி வரை நொண்டினேன்.

ஐந்தாம் நாள் கால்வழி முழுக்கத் தெரிந்தது. நாங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஊர்க் கொத்தனார் வந்து நடந்து பார்த்தார். "வெட்டிட்டீங்க சரி, தண்ணி போகுமா?" என்றார். வீட்டிலிருந்து கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்து வந்து தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு என் நண்பன் ஊருணிப் பக்கம் போனான். டியூப்புக்குள் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. இரண்டு குச்சியிலும் கோடு போட்டு அளந்தார். ஊருணிக்கு நாற்பதடி இருக்கும்போது தரை ஒரு சாண் ஏறியிருந்தது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாத மேடு! அந்த ஒரு சாண் போதும், வருகிற தண்ணீர் அவ்வளவும் பக்கத்துத் தரிசில் திரும்பிவிடும். இயற்பியல் புத்தகத்தில் திரவம் தன் மட்டத்தைத் தேடும் என்று மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

அந்த மேட்டை வெட்ட இரண்டு நாள் ஆனது. எங்களோடு ஊர் இளவட்டங்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கிவிட்டார்கள். போன வருடம் கன்று நடும்போது கைகட்டி வேடிக்கை பார்த்தவர்கள்தான். கிளம்புகிற அன்று ஆச்சி வீட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். எண்ணவில்லை, ஆளுக்குப் பத்துக்குக் குறையாது. பத்து நாள் உப்புமாவுக்கு அது பரிகாரம்.

நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆண்டுதோறும் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பேசும்போது எனக்கு இந்த முகாம்தான் ஞாபகம் வருகிறது. சுவரில் நம் பெயர் வருகிற மாதிரி எதையாவது வாங்கித் தருவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பிள்ளைகள் ஒரே ஊருக்கு ஐந்து வருடம் போய்வர பஸ் காசும், நல்ல மண்வெட்டி இருபதும், மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால் என்ன? உப்புமா வேண்டாம் என்று மட்டும் ஒரு நிபந்தனை போடலாம்.

அந்த இரண்டாவது முகாம் முடிந்து, ஐப்பசி பிறந்து ஒரு வாரம். ராத்திரி முழுக்க மழை. காலையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நானும் நண்பனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்த ஊருக்குப் போனோம். தொப்பலாக நனைந்து ஊருணிக் கரையில் போய் நின்றபோது ஏற்கெனவே பாதி ஊர் அங்கே குடையோடு நின்றது. முதலில் சருகும் நுரையும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் வந்தன. பின்னால் செக்கச் செவேலென்று தண்ணீர். நாங்கள் வெட்டிய மேட்டைத் தாண்டும்போது கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. அப்புறம் கல் வாய்வழியாகச் சலசலவென்று உள்ளே விழுந்தது. மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திங்கட்கிழமை சாரிடம் டைரியை நீட்டி, அன்றைக்கு ஒரு நான்கு மணி நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார் என்று கேட்டோம். டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"வேடிக்கை பார்த்ததுக்கெல்லாம் மணி நேரம் கிடையாதுடா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுவரைக்கும் ஏறியிருந்துச்சு, எத்தனை படி?" என்று கேட்டார்.