லாஸ்ட் ஆர்டரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சென்னையில் நல்ல பார் எது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு ஹோட்டலின் பெயராகத்தான் இருக்கும். அண்ணா சாலையில் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் நிற்கும் தி பார்க்கின் லெதர் பார், கிண்டி பார்க் ஹயாத்தின் ஃப்ளையிங் எலிஃபன்ட் எல்லாம் அப்படித்தான். காரணம் லைசென்ஸ். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். உட்கார்ந்து குடிக்கும் இடம் மன்றமாக (கிளப்) இருந்தால் எஃப்.எல்.2 லைசென்ஸ், ஹோட்டலாக இருந்தால் எஃப்.எல்.3 லைசென்ஸ். பெங்களூரு மாதிரி தெருமுனையில் ஒரு கடையைப் பிடித்து பப் திறந்துவிட முடியாது. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் அழகான கவுன்டரும் தொங்கும் கண்ணாடிக் குவளைகளுமாக இருக்கும் பல உணவகங்களில் மெனுவைத் திறந்தால் மது இல்லாத மாக்டெயில் மட்டுமே இருப்பதற்கும் இதுதான் காரணம். எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு இது தெரிந்தால் மாலை வீண். போன் செய்து டேபிள் சொல்லும்போதே "லிக்கர் சர்வ் பண்றீங்களா, லாஸ்ட் ஆர்டர் எத்தனை மணிக்கு" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். சில இடங்கள் பதினொன்றை ஒட்டி மூடும், சில நள்ளிரவு வரை போகும். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே லாஸ்ட் ஆர்டர் கேட்டு வந்துவிடுவார்கள். கிச்சன் அதற்கும் முன்பாக அடுப்பைக் குறைக்கத் தொடங்கும். ஒன்பதரைக்கு வந்து உட்காரும் கூட்டம் பட்டினியோடு அவசரமாகக் குடித்துவிட்டு, பிரியாணி ஆறிய பிறகு சாப்பிட்டுக் கிளம்புவது வாராவாரம் நடக்கிறது. பதினொன்றுக்கு மூடும் இடம் என்றால் மெயின் கோர்ஸை ஒன்பதேகாலுக்குள் சொல்லிவிட வேண்டும். ஸ்டார்ட்டர் எட்டு மணிக்கு மேஜையில் இருக்க வேண்டும். அப்படியானால் ஏழரைக்காவது நாற்காலியில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கத்திப்பாராவையோ சோழிங்கநல்லூரையோ தாண்டி வருபவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி ஆகிய நாட்களில் டாஸ்மாக்கோடு ஹோட்டல் பார்களும் மூடியிருக்கும். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல்தான். பொங்கல் விடுமுறையில் ஊரிலிருந்து வந்த நண்பர்களோடு திட்டம் போடுபவர்கள் திருவள்ளுவர் தினத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். வயது வரம்பு இங்கே 21. இளமையான முகம் என்றால் வாசலில் ஆதார் கேட்பார்கள். போனில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

உடை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும்தான் பல இடங்களில் பிரச்சினை. வேட்டி கட்டியவரைப் பொழுதுபோக்கு மன்றங்களில் தடுக்கக்கூடாது என்று 2014ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

டேபிள் சொல்லும்போது ஸ்பீக்கர் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் குறைவு, கேளுங்கள். டி.ஜே. பெரும்பாலும் ஒன்பதுக்கு மேல் சத்தத்தைக் கூட்டுவார். அதன் பிறகு பேச வேண்டுமானால் எதிர் மூலையில் சுவரோரம் இடம் வேண்டும். மொட்டைமாடி இடங்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் காலம். மே மாதம் இரவு எட்டு மணிக்கும் காற்றில் ஈரம் ஒட்டும், பீர் பாதிக் குவளைக்குள் சூடாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் உள்ளே மாற்று டேபிள் தருவார்களா என்று முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். அடாது மழை பெய்யும்போது இடம் பிடிக்க ஓடுவது எல்லோருமே செய்வதுதான்.

இனி குவளைக்குள் இருப்பது. ஸ்மால் 30 மி.லி., லார்ஜ் 60. இங்கே விற்கும் விஸ்கி, ரம், ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம் ஆல்கஹால், ஒரு லார்ஜில் 20. "நான் பீர்தான்" என்பவரின் 650 மி.லி. ஸ்ட்ராங் பாட்டில் 7 சதவீதம் என்றால் அதில் 36 கிராம். அதாவது மூன்றரை ஸ்மால். லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ பெயரில் டீ இருக்கிறது, உள்ளே டீ இல்லை. வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெகீலா, ட்ரிப்பிள் செக் (ஆரஞ்சு லிக்யூர்) ஐந்தும் தலா 15 மி.லி., மொத்தம் 75. இனிப்பும் கோலாவும் அதை மறைத்துவிடும். முதல் முறை குடிப்பவருக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

காக்டெயிலில் சொதப்புவது பெரும்பாலும் இரண்டே பொருள்: ஐஸ், எலுமிச்சை. நடுவில் ஓட்டையுள்ள மெல்லிய ஐஸ் சீக்கிரம் உருகும். நம் ஊர் ஈரத்தில் பத்தே நிமிடத்தில் ஜின் அண்ட் டானிக் தண்ணீராகிவிடும். குவளை நிறைய ஐஸ் போட்டால் சரக்கு குறையும் என்று பலர் "ஐஸ் கம்மி" என்று சொல்கிறார்கள். அது தப்பு. சரக்கின் அளவை ஜிகர் என்ற அளவுக் கிண்ணம் தீர்மானிக்கிறது, ஐஸ் அல்ல. குவளை நிறைய இருக்கும் ஐஸ் தன்னையே குளிர்வித்துக்கொண்டு மெதுவாக உருகும். இரண்டு துண்டுதான் வேகமாகக் கரையும். ஜின் 60க்கு டானிக் 120 முதல் 150 வரை போதும். டானிக்கை பாட்டிலோடு மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி நீங்களே ஊற்றிக்கொண்டால் அளவும் உங்கள் கையில், நுரையும் போகாது.

எலுமிச்சைச் சாற்றை மதியமே பிழிந்து வைத்திருந்தால் இரவுக்குள் அதன் வாசம் மங்கி ஒரு கசப்பு ஏறும். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த விஸ்கி சவர் ஒரு வாய் குடித்ததும் நாக்கின் பின்பக்கம் கசந்தால் பழைய சாறு என்று சந்தேகப்படலாம். இன்னொன்று: வெளிநாட்டு அளவுகள் பெரிய மஞ்சள் லெமனுக்கு எழுதப்பட்டவை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில் வாசமே வேறு, புளிப்பும் சுள்ளென்று இருக்கும். அதற்கேற்ப சர்க்கரைப் பாகைச் சரிசெய்யாத பார் எல்லாச் சவரையும் ஒரே மாதிரி புளிக்க வைக்கும். "கொஞ்சம் பாகு சேர்த்துத் தாங்க" என்று தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பார்டெண்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு புதிய இடத்தை எடைபோட வேண்டுமானால் புளி, கறிவேப்பிலை, ரசப்பொடி போட்ட சிறப்பு காக்டெயிலை விட்டுவிட்டு ஒரு நெக்ரோனி கேளுங்கள். ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் மூன்றும் தலா 30 மி.லி. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பானம். வெர்மூத் என்பது ஒயின். திறந்து வைத்து வெளியே மாதக்கணக்கில் கிடந்தால் சப்பென்று ஆகிவிடும். அது உடனே தெரிந்துவிடும்.

ஹேப்பி ஹவரில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் இரண்டு குவளையும் சேர்ந்து வந்து நிற்கும். இரண்டாவது உருகிக்கொண்டிருக்கும்போது முதலாவதை அவசரமாக முடிப்பார்கள். பில்லில் இப்போதே போட்டுவிட்டு இரண்டாவதை அரை மணி கழித்துக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்; பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது குடிக்கும் பக்கத்திலும் உண்டு. விஸ்கி சவரின் மேல் நிற்கும் வெள்ளை நுரை பல இடங்களில் முட்டையின் வெள்ளைக்கரு. பிளடி மேரியில் சேர்க்கும் வொர்செஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். தாய்லாந்து வகைப் பதார்த்தங்களில் மீன் சாஸ், சீன வகைகளில் ஆய்ஸ்டர் சாஸ். பச்சைப் புள்ளி போட்டிருந்தாலும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. தெளிந்த நீர் போல வரும் மில்க் பஞ்ச்சில் பால் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது; பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம் போதும், மேஜை முழுக்க மாறிவிடும். கிச்சனில் எண்ணெய்ச் சட்டி, தந்தூர், தவா மூன்றும் வேறு வேறு ஆட்கள் கையில் இருக்கும். ஆறு பேர் சேர்ந்து சிக்கன் 65, நெத்திலி வறுவல், கோபி, இறால் என்று நான்கையும் பொரிப்பதிலேயே சொன்னால் எல்லாம் ஒரே சட்டிக்கு வரிசையில் நிற்கும். பொரிப்பது ஒன்று, தந்தூர் ஒன்று, தவாவில் ஒன்று, அதோடு உடனே வரக்கூடிய வேர்க்கடலை மசாலா என்று பிரித்துச் சொன்னால் முதல் தட்டு சில நிமிடங்களில் வரும், மற்றவை தொடர்ந்து வரும். ஆறு பேருக்கு முதல் சுற்றில் நான்கு தட்டு போதும். இறால், விங்ஸ் போன்றவற்றில் எத்தனை பீஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு ஐந்து பீஸ் வந்தால் சங்கடம். நெத்திலியை மூடி வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தில் ஆவியில் தொய்ந்துவிடும். டச்சிங்ஸ் என்று காரமும் உப்புமாகவே சாப்பிட்டால் தாகத்தில் குடி வேகமாகும். ஒரு தட்டாவது பன்னீரோ, பொடி இட்லியோ, ரொட்டியோ வயிற்றில் நிற்கிற மாதிரி இருக்கட்டும். ஒவ்வொரு லார்ஜுக்கும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். பாட்டில் தண்ணீரைத் தானாகத் திறந்து ஊற்ற வருவார்கள்; ரெகுலர் வாட்டர் வேண்டும் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

பில் பெரும்பாலும் இரண்டாக வரும், அல்லது இரண்டு பகுதியாக. உணவுக்கு ஜி.எஸ்.டி. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் 18. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வாட் வரிதான். மதுவின் மேல் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அது பிழை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ப்ளஸ் ப்ளஸ் என்று இருந்தால் வரி முதலியவை தனி என்று அர்த்தம். மனக்கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டே ஆர்டர் செய்யுங்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது உங்களுக்குப் பரிமாறியவர் கையில் கொடுங்கள், இரவு முழுக்க நின்றவர் அவர்.

வீடு திரும்புவதை மாலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். சட்டப்படி எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்த ஒரே ஒரு லார்ஜ், 70 கிலோ ஆணைக் கணக்குப்படி 40ஐ ஒட்டிக் கொண்டுபோகும். 55 கிலோ பெண்ணை 60க்கு மேல். ஆகவே "ஒண்ணுதான் அடிச்சேன்" என்பது ஊதும்போது செல்லாது. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே கூட உட்கார்ந்து வருபவர்மீதும் சென்னைப் போலீஸ் வழக்குப் போடுகிறது. காரில் வந்திருந்தால் ஆக்டிங் டிரைவரை எட்டு மணிக்கே பேசி வைத்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் தேடினால் ஆளும் கிடைக்காது, கேட்கும் தொகையும் கூடும். மெட்ரோ பதினொன்று வரைதான். தேனாம்பேட்டை, நந்தனம், ஆயிரம் விளக்கு பக்கத்து இடம் என்றால் பத்தரைக்கு எழுந்தால் பிடித்துவிடலாம்.

மறுநாள் காலையையும் கணக்கில் வையுங்கள். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கழிக்கும். காபி, மோர், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. மூன்று லார்ஜ் என்றால் 60 கிராம், கழிய ஆறு முதல் எட்டரை மணி நேரம். நள்ளிரவு வரை குடித்துவிட்டு விடிகாலை ஆறு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் காரை எடுப்பவரின் ரத்தத்தில் அது இன்னும் மிச்சம் இருக்கலாம். அன்றைக்கு மெட்ரோவில் போங்கள், முதல் ரயில் ஐந்து மணிக்கே உண்டு.